ஊசி நின்ற இடம்

மலாக்கா மாநிலத்து ஜாசினிலிருந்து தோட்டப் பக்கம் போகும் சாலையில், செம்பனை மரங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கும் மலிவுவிலை வீட்டு வரிசையில், கடைசிக்கு முந்திய வீடு அங்கமுத்துவுடையது. இரண்டு அறை. பெரிய அறையில் ஏர்கோன் உண்டு. ஆனால் அதில் மனிதர் யாரும் படுப்பதில்லை. இசைத்தட்டுகள் இருக்கின்றன. படுக்கவைத்தால் வளைந்துவிடும் என்று பெட்டி பெட்டியாக நிமிர்த்தி, சன்னல் மறையும் உயரத்துக்கு அடுக்கியிருந்தார். இரண்டாயிரத்துக்குக் குறையாது. சின்ன அறை மழை பெய்தால் ஒழுகும், சுவரெல்லாம் பூஞ்சை. அதில் அங்கமுத்து படுப்பார். அவர் மனைவி பாக்கியலட்சுமிக்குக் கூடத்தில் ஒரு பாய். அந்த வீட்டில் யாருக்கு என்ன மரியாதை என்று தெரிந்துகொள்ள வேறெதையும் கேட்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை பாக்கியம் வடை போட்டுக்கொண்டிருந்தாள். ஜாசின் பஸ் நிலையத்தை ஒட்டிய ஸ்டாலுக்குத் தினமும் எண்பது பருப்பு வடை, நாற்பது உளுந்து வடை அவள் கையிலிருந்துதான் போகிறது. எண்ணெய்ச் சட்டியில் இரண்டாம் ஈடு வேகும்போது ரெம்பியாவிலிருந்து சம்பந்தி மீனம்மா கூப்பிட்டாள். கையெல்லாம் மாவாக இருந்ததால் பாக்கியம் முழங்கையால் போனை அழுத்தி ஸ்பீக்கரில் விட்டாள்.

“சம்பந்தியம்மா, நா ஒன்னு கேப்பேன், கோவிச்சிக்கக் கூடாது. வளகாப்பு முடிஞ்ச கையோட மலர ஒங்க வீட்டுக்கு அனுப்பணும். மொதப் பிரசவம், அது ஒங்க உரிம. நா இல்லன்னு சொல்லல. ஆனா எங்க படுக்க வெப்பீங்க?”

“ரூம் இருக்கு சம்பந்தி.”

“பிளேட்டு ரூமா?”

பாக்கியம் வடையைத் திருப்பிப் போட்டாள்.

“பச்ச ஒடம்புக்காரிய ஹால்ல, போறவன் வாறவன் பாக்கப் படுக்க வெக்க முடியுமா லா? அந்தச் சின்ன ரூம்ல பூஞ்ச. புள்ளைக்கு மூச்சுக்கு ஆவாது. எங்க வீட்டுல மூனு ரூம் சும்மா கெடக்கு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர்றேன். ரூம் காலியா இருந்தா ஒங்க மவள ஒங்க கைல குடுக்குறேன். இல்லன்னா இங்கயே பெத்துக்கட்டும். நீங்க வேணும்னா வந்து பாத்துட்டுப் போங்க.”

வந்து பார்த்துவிட்டுப் போ என்ற வார்த்தைதான் பாக்கியத்தைச் சுட்டது. பெற்ற மகளின் முதல் பிரசவத்துக்கு விருந்தாளியாகப் போய், மீனம்மா தரும் கோப்பித் தண்ணியைக் குடித்து, மீனம்மா தூக்கிக் காட்டும் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏற வேண்டும். மகள் தேவமலரும் முந்தின நாள் போனில் அழுதிருந்தாள். “ம்மா, நான் இங்க பெத்துக்க மாட்டேன். அவுங்க தண்ணி குடிக்கக்கூட விட மாட்டாங்க. எப்படியாச்சும் அப்பாகிட்டப் பேசும்மா.” பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயத்துக்கான மருந்துச் சாமான், நல்லெண்ணெய், பூண்டு எல்லாம் பாக்கியம் வாங்கி வைத்தாகிவிட்டது. பால் சுறாவுக்கு உம்பாயில் ஒரு மீன்காரனிடம் சொல்லி வைத்திருந்தாள். எல்லாம் தயார். படுக்க இடம்தான் இல்லை.

வடையை ஸ்டால்காரப் பையன் வந்து எடுத்துப் போனதும் அவள் நேராக அங்கமுத்துவின் முன்னால் போய் நின்றாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து ஒரு தட்டை மென்துணியால் வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் ‘ஏங்க’ என்று கூப்பிட்டவள்தான் பாக்கியம். அந்த ‘ங்க’ எந்த வருசத்தில் கழன்று விழுந்தது என்று இருவருக்குமே நினைவில்லை.

“யோவ், அந்த ரூம எப்பக் காலி பண்ணப் போற?” என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

“எதுக்கு?”

“எதுக்கா? ஒம் மவ புள்ள பெக்க வர்றா. அதுக்கு.”

“பிளேட்ட எங்க வெக்கிறது? சின்ன ரூம் ஒழுவுது. ஹால்ல வெயில் அடிக்குது. சூடு பட்டா அப்பளமா வளஞ்சிரும். ஈரம் பட்டா பூஞ்ச புடிச்சிரும்.”

“பூஞ்ச பிளேட்டுக்கு ஆவாது. ஒம் பேரப் புள்ளைக்கு ஆவுமா?”

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

“போன்ல ஆயிரம் பாட்டு இருக்கு. கேக்கணும்னா அதுல கேட்டுத் தொலையேன். ஒலகமே அதுலதான் கேக்குது.”

“போன்ல எங்க பாட்டு இருக்கு? சார்ஜ் இருக்கு, அவ்வளவுதான். இதுல வெட்டி வெச்சிருக்கான். வெரல வெச்சா தட்டுப்படும் பாட்டு.” அவர் தட்டை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார். “பாட்டுன்னா எடம் புடிக்கத்தான் செய்யும்.”

“மனுசனுக்கு எடம் வேணாமா?”

அதற்குள் அவர் தட்டை உறையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு போனவரிடம் அவள் சொன்ன மிச்சம் எதற்கும் பதில் வரவில்லை. குளிக்கப் போனார்.

பாக்கியம் பெரிய அறைக்குள் நுழைந்தாள். தட்டுகளை உடைக்கத்தான் போனாள். முதல் பெட்டியில் கை வைத்ததும் மனம் வரவில்லை. அந்த மனிதன் செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பத்தொரு வருசம் பாய்லர் பக்கத்தில் வெந்த காசு அது. தோட்டங்கள் காலியாகும்போதெல்லாம் லயத்து வாசல்களில் குப்பையோடு வீசிப் போனதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தது பாதி. உடைக்க முடியவில்லையே என்ற கோபமும் சேர்ந்துகொள்ள, பாட்டுப் பெட்டியின் பின்னால் கையை விட்டு, ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர்களை ஒன்று விடாமல் பிடுங்கிவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டாள். வரட்டும். கத்தட்டும். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள்.

அங்கமுத்து குளித்து, திருநீறு பூசி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஏர்கோன் நின்றது. பாட்டுப் போடும்போது அதன் இரைச்சல் குறுக்கே வரக்கூடாது என்று அணைத்துவிடுவது அவர் வழக்கம். பாக்கியம் காத்திருந்தாள். பாட்டு இல்லை. கூப்பாடும் இல்லை. சட்டியைத் தேய்த்து முடித்தாள். இன்னும் இல்லை. ஒயரைத் தேடிக்கொண்டிருக்கிறாரோ, நெஞ்சு கிஞ்சு வலித்து விழுந்துவிட்டாரோ என்று எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள்.

அவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு விரலைப் பெட்டியின் மர விளிம்பில் வைத்து, ஊசியைப் பார்த்தபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் கையை லேசாகத் தூக்கி, பாடகி ஏதோ நல்ல சங்கதி போட்டதுபோல் ‘ச்’ கொட்டினார். ஸ்பீக்கர் இரண்டும் செத்துக் கிடந்தன.

பாக்கியத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அறை முழுக்க அமைதி. அந்த அமைதிக்குள் கொசு முனகுவதுபோல் ஏதோ கேட்டது. அவள் கிட்டே போய்க் குனிந்தாள். பாட்டுத்தான். ஊசி தட்டில் உரசுகிற இடத்திலிருந்தே, ஸ்பீக்கர் எதுவும் இல்லாமல், ஒரு பொம்பளை குரல் பாடிக்கொண்டிருந்தது. மூன்று வார்த்தை அவளுக்குத் தெளிவாகவே கேட்டது. அந்தக் கறுப்புத் தட்டுகளைப் பத்தொன்பது வருசமாகத் திட்டி வந்தவள் ஒரு பாட்டை முதல்முறையாக நின்று கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அது கேட்கவில்லை.

நிழல் விழுந்ததைப் பார்த்து அங்கமுத்து திடுக்கிட்டுத் திரும்பினார். “என்ன?”

“ஒன்னுமில்ல.”

அவர் கண் அவள் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தது. எத்தனை நாளாக அப்படிப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“பாட்டுக் கேக்க வந்தியா?” என்று இளக்காரமாகக் கேட்டார்.

“ஆமா.”

“கேளு. இப்ப வயலின் வரும் பாரு.”

ஊசி முனையிலிருந்து நூல்போல வயலின் வந்தது. ஒரு நொடி முன்பின் இல்லை. தட்டில் ஊசி எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்துப் பாட்டு அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பாக்கியம் அடுப்படிக்கு வந்து பலகையில் உட்கார்ந்தாள். நாலு வருசத்துக்கு முன்னால் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டபோது இதே மனிதனிடம்தான் முதலில் சொன்னாள். வெட்கமான விசயம், மகள் பக்கத்து அறையில் இருந்தாள், அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னாள். அவர் திரும்பவில்லை. தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் அவள் தனியாகப் பஸ் ஏறி மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். தனியாக ஊசி குத்திக்கொண்டாள். ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டி என்று டாக்டர் சொன்னதையும் தனியாகத்தான் கேட்டாள். அன்றைக்கு வெறுத்தவள்தான். அதற்குப் பிறகு அவரிடம் மெதுவாகப் பேசியதே இல்லை.

இப்போது விசயம் தெரிந்துவிட்டது. கோபம் போயிருக்க வேண்டும். போகவில்லை. இடம்தான் மாறியது. கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? காதுக்கு மிசின் வைத்தால் ‘அங்கமுத்து காது’ போய்விடும் அல்லவா. தட்டுச் சேர்க்கிற கூட்டத்தில் அவருக்கு அதுதான் பேர். மூவாரிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் தட்டைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டுவார்கள். அவர் போட்டுக் கேட்டு, முதல் தரமா இரண்டாம் தரமா என்று சொல்லுவார். கேட்பதற்கு முன்னால் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து அரை மணி நேரம் பார்ப்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. கண்ணால் பார்த்துவிட்டுக் காதின் பேரில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேருக்காகக் கட்டியவளை நாலு வருசம் திமிர் பிடித்தவனோடு வாழ்வதாக நினைக்கவிட்டார். பாக்கியத்தால் அதை மன்னிக்க முடியவில்லை.

அவர் சாப்பிட வந்த நேரத்தில் போய் ஒயர்களைச் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று சொருகிவிட்டு வந்தாள். இனி வாதாட வேண்டியதே இல்லை. காது கேட்காதவனுக்குப் பாட்டு ரூம் எதற்கு என்று ஊரைக் கூட்டி ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்தக் கேள்வியை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று மடியில் கட்டி வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மலாக்கா டவுனிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கணேசமூர்த்தி துணிக்கடைக்காரர், அங்கமுத்து வயதுதான், தட்டு விசயத்தில் நீயா நானா என்று இருபது வருசப் போட்டி. மற்றவன் ஹரிதாஸ், ஆபீஸ் வேலை, முப்பது வயது இருக்கும், புதிதாக இந்தப் பைத்தியம் பிடித்தவன். வெளியே வானம் கறுத்து, செம்பனை ஓலைகள் அசையாமல் நின்றன. பாக்கியம் கோப்பி கலந்தாள். தட்டில் வைத்துக் கொண்டுபோய் அறை வாசலில் நின்றாள்.

“அங்கமுத்து, போன மாசக் கூட்டத்துல நீ ஒன்னும் பேசலியே. ஒடம்பு சொகமில்லியா?” என்று கணேசமூர்த்தி குனிந்து பையிலிருந்து தட்டை எடுத்தபடி கேட்டார். முகம் கீழே இருந்தது. அங்கமுத்துவிடமிருந்து பதில் இல்லை. கணேசமூர்த்தி நிமிர்ந்து ஹரிதாஸைப் பார்த்த பார்வை பாக்கியத்துக்குப் பிடிக்கவில்லை.

“இந்தா, ஒரு பழைய பிளேட்டு. பாத்துக்கிட்டு நிக்காத, போடு. ஒங் காது என்ன சொல்லுதுன்னு கேப்போம். நம்ம தம்பி தெரிஞ்சிக்கணுமில்ல.”

வெளிச்சத்தில் பிடிக்க அவகாசம் தரவில்லை. அங்கமுத்து தட்டை வைத்து, ஊசியை இறக்கி, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் மானம் முழுவதும் அந்தக் கண்ணை மூடுவதில்தான் இருந்தது. தலை ஆடத் தொடங்கியது. பாட்டு நன்றாகத்தான் போனது. அரைப் பாட்டில் பாடுகிறவள் ‘வாசலிலே’ என்று தொடங்கினாள். ஊசி கீறலில் மாட்டிக்கொண்டது. ‘வாசலி, வாசலி, வாசலி’ என்று அதையே சுற்றி வந்தாள்.

தட்டுக்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் வீட்டுப் பெட்டியில் ஊசியைத் தொடும் உரிமை வீட்டுக்காரருக்கு மட்டும்தான். வீடே பற்றி எரிந்தாலும் அடுத்தவன் கை வைக்க மாட்டான். அதனால் இருவரும் அங்கமுத்து எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடியபடி, போய்க்கொண்டிருக்காத பாட்டுக்குத் தலையை ஆட்டினார். அடுத்த வரிக்கு என்று கையைத் தூக்கினார். ‘வாசலி, வாசலி’ என்றது தட்டு.

ஹரிதாஸுக்குச் சங்கடமாகிக் கீழே பார்த்தான். கணேசமூர்த்தி சிரித்தார். கீறல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தே கொண்டுவந்தவரின் சிரிப்பு அது. சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டே போனை எடுத்து, அங்கமுத்துவின் ஆடுகிற தலைக்கு நேராகப் பிடித்தார்.

பாக்கியம் மூன்று நாளாக மடியில் கட்டி வைத்திருந்தது இந்த நேரத்துக்குத்தான். அவள் வாயைத் திறக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. சும்மா நின்றிருந்தாலே போதும், அறை அவளுடையது. ஆனால் அந்தப் போனைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. இந்த மனிதனைக் கேவலப்படுத்த வேண்டும் என்றால் அவள் செய்வாள். அதற்கு அவள் முப்பத்தாறு வருசம் அவனோடு குப்பை கொட்டியிருக்கிறாள். துணிக்கடைக்காரனுக்கு என்ன உரிமை?

கோப்பித் தட்டைத் தரையில் டமாரென்று வைத்துவிட்டு உள்ளே பாய்ந்தாள். ஊசிக் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். தட்டின் குறுக்கே ‘கர்’ என்று ஊசி கோடு கிழித்தது.

“என் பிளேட்டு” என்று கணேசமூர்த்தி அலறினார்.

“ஒங்க பிளேட்டு நாசமாப் போவட்டும். எம் மவ நெறமாசமா நிக்கிறா, படுக்க எடமில்ல, ஒங்களுக்கு இங்க பாட்டுக் கேக்குதா? எந்திரிங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க அஞ்சு மணிக்கு வர்றாங்க. அதுக்கு முன்னால இந்த ரூம் காலியாவணும். போன உள்ள வைங்கண்ணே, பொம்பள கத்துறதப் படம் புடிக்க வெக்கமா இல்ல?”

“தங்கச்சி, நா படம் புடிக்கல...”

“தங்கச்சின்னு சொல்லாதீங்க. ஒங்க தங்கச்சி வீட்டுல போயிச் சொல்லுங்க. போறீங்களா, எண்ணச் சட்டிய எடுத்துட்டு வரவா?”

ஹரிதாஸ் அதற்குள் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தான். கணேசமூர்த்தி அங்கமுத்துவின் தோளைத் தட்டி, “பாவம்யா நீ” என்றார். “அந்தப் பிளேட்ட நீயே வெச்சிக்க. இனி அது குப்பைக்குத்தான்.” கார் கிளம்பிப் போனது. அங்கமுத்துவின் பெண்டாட்டி பிசாசு என்று இனி மூவார் வரைக்கும் பேச்சுப் போகும். போகட்டும் என்று நினைத்தாள். அவர்கள் வாயில் அதுதான் இருக்கும், அவர் காது இருக்காது.

மழை பிடித்துக்கொண்டது. அங்கமுத்து எழுந்து நின்றார். முகம் கறுத்திருந்தது.

“மானத்த வாங்கிட்டே. அஞ்சு நிமிசம். பாட்டு முடியக்கூட விடல நீ.”

அவள் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, குனிந்து சிந்திய கோப்பியைத் துடைத்தாள்.

அவர் தட்டை எடுத்தார். பழக்கம், டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துச் சாய்த்தார். அவள் இழுத்த புதுக்கோடு பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. கண்ணால் அதன் வழியே பின்னோக்கிப் போனார். கோடு தொடங்குகிற இடத்தில் ஒரு பழைய வெட்டு இருந்தது. நகத்தை வைத்து அதைத் தொட்டுப் பார்த்தார். அரைப் பாட்டுக்கு மேலே ஊசி போகவே இல்லை என்று அந்தத் தட்டே அவருக்குச் சொல்லிவிட்டது. இருபது வருசமாகத் தட்டைப் படித்த கண்ணை யார் ஏமாற்ற முடியும்? நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“எத்தன சுத்து சுத்துச்சு?” என்றார்.

பாக்கியம் அவர் பார்க்கிற மாதிரி முன்னால் வந்து நின்றாள். “ஒன்னு.”

“ஒரு சுத்துக்கா நீ இந்தக் கூத்துப் பண்ணுவ?”

அவள் ஊசிக் கையை அதன் தாங்கியில் எடுத்து வைத்தாள்.

“படம் புடிச்சானா?”

“புடிக்க விடல.”

அவர் தட்டை உறைக்குள் போட்டார். நேராக வைக்கவில்லை, பெட்டிகளின் மேல் சும்மா சாய்த்து வைத்தார். பாக்கியத்துக்கு இரக்கம் வந்திருக்கலாம். வந்தது ஆத்திரம்தான்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? நாலு வருசம்யா. செவுத்துகிட்டப் பேசுற மாதிரி பேசியிருக்கேன். எதாச்சும் காதுல விழுந்துச்சா ஒனக்கு, நா பேசினதுல?”

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மூடிய பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நீ கத்தினது மட்டும் விழுந்துச்சு,” என்றார்.

சுவர்க் கடிகாரத்தில் நாலே கால். மீனம்மா நேரத்துக்கு வந்துவிடுகிற ஆள். அங்கமுத்து வேட்டியை மடித்துக் கட்டி, சன்னல் பக்கத்து முதல் பெட்டியின் முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்தார். ஒரு ஆள் தூக்குகிற கனம் இல்லை அது. பாக்கியம் அவருக்குப் பின்னால் வந்து நின்று, ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் வந்த நாளைப் பற்றி மெதுவாக நாலு வார்த்தை சொன்னாள். நாலு வருசமாகச் சொல்லாத குரலில் சொன்னாள். மழைச் சத்தத்தில் அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் குனிந்தபடியே பெட்டியின் மூலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“யோவ், அந்தப் பக்கம் புடி” என்று கத்தினாள்.

அவர் பிடித்தார்.